எல்.ஐ.சி.யின் அடுத்த பங்கை விற்கும் முன்: நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

2027 மே 16ஆம் தேதிக்குள் எல்.ஐ.சி.யின் பங்குகளில் 10 சதவீதம் பொதுமக்கள் கையில் இருந்தாக வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கெடு வைத்திருக்கிறது. 2022 மே மாதம் நீங்கள் விற்றது 3.5 சதவீதம். மிச்சம் 6.5. அதை ஒரே மூச்சில் விற்பதா, துண்டு துண்டாக விற்பதா, சந்தை எப்போது ஏறும் என்றுதான் டெல்லியிலும் மும்பையிலும் பேச்சு ஓடுகிறது. விற்கலாமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எங்களுக்கு அது முடியவில்லை.

நான் சாத்தூரில் எல்.ஐ.சி. ஏஜெண்ட். கால் நூற்றாண்டுக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. என்னிடம் பாலிசி போட்டவர்களில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் கூலிக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் கரிசல் காட்டுச் சம்சாரிகள், டீக்கடைக்காரர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், சில ஆசிரியர்கள். நீங்கள் மதுரையில் பிறந்து திருச்சியில் படித்தவர். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

"96.5 சதவீதம் அரசிடம்தானே இருக்கிறது, இந்தச் சின்னத் துண்டுக்கா இவ்வளவு கூப்பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விற்ற அளவு சின்னதுதான். ஆனால் அந்தச் சின்னத் துண்டை விற்பதற்காக உள்ளே செய்த மாற்றங்கள் சின்னவை அல்ல. அவற்றைப் பற்றித்தான் இந்த மடல்.

விற்கும் பொருள் யாருடையது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1956 ஜனவரி 19 அன்று உங்கள் நாற்காலியில் இருந்த சி.டி. தேஷ்முக், ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்கிறது என்று வானொலியில் அறிவித்தார். அதற்கு முந்தைய பத்தாண்டில் 25 கம்பெனிகள் திவாலாகியிருந்தன. இன்னும் 25 கம்பெனிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் வியாபாரத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்திருந்தன. தொழிலதிபர் டால்மியா தன் காப்பீட்டுக் கம்பெனியின் பணத்தை எப்படிச் சொந்தக் காரியத்துக்குத் திருப்பினார் என்பதைக் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் புட்டுப் புட்டு வைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. அரசு போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். ஏறத்தாழ 55 ஆண்டுகளுக்கு அந்த 5 கோடிதான் மூலதனம்.

அப்புறம் இத்தனை லட்சம் கோடி எங்கிருந்து வந்தது? பிரீமியத்திலிருந்து வந்தது. பணம் போட்டவர்கள் பாலிசிதாரர்கள் என்பதால் உபரியில் 95 பங்கு அவர்களுக்குப் போனஸாகப் போனது, 5 பங்கு அரசுக்குப் போனது. காகிதத்தில் அரசு நிறுவனம்; நடந்த விதத்தில் பாலிசிதாரர்களின் கூட்டு நிதி. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் அதைத்தான். "நூறு ரூபாய் லாபம் வந்தால் தொண்ணூற்றைந்து உங்களுக்குத்தான் அக்கா, கவர்மெண்ட் கேரண்டி வேறு இருக்கிறது." இந்த இரண்டு வரிகளை நம்பித்தான் ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

தனியாரால் ஒன்றுமே முடியாது என்று பேசுகிற ஆள் இல்லை நான். சென்னை அண்ணா சாலையில் நிற்கிற எல்.ஐ.சி. கட்டடத்தையே தொடங்கியவர் ஒரு தனியார்தான், யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். நாட்டுடைமைக்குப் பிறகு எல்.ஐ.சி. அதைக் கட்டி முடித்து 1959இல் திறந்தது. அரசு கையில் இருந்தால் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் 1.24 கோடி ரூபாயைக் கொட்டினார்கள். அதற்காக 1958இல் பதவி விலகிய நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊர்க்காரர்.

சரி, 2021க்கு வருகிறேன்.

அந்த ஆண்டின் நிதி மசோதாவுக்குள் எல்.ஐ.சி. சட்டத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சேர்த்து நிறைவேற்றினீர்கள். பண மசோதாவாக வந்ததால் மாநிலங்களவைக்கு அதைத் திருத்தும் அதிகாரம் இல்லை. நீங்களே மாநிலங்களவை உறுப்பினர். அந்த அவையில் இதைப் பேச விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பாலிசிதாரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2022 மே 12 அன்று இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. ஐந்தே நாளில் பங்கு சந்தைக்கு வந்துவிட்டது.

அந்தத் திருத்தங்கள் செய்த முக்கியமான காரியம் நிதியைப் பிரித்தது. அதுவரை எல்லாப் பாலிசிகளின் பணமும் ஒரே ஆயுள் நிதியில் இருந்தது. போனஸ் உள்ள பாலிசியோ இல்லாத பாலிசியோ, உபரி எதிலிருந்து வந்தாலும் 95 பங்கு பாலிசிதாரர் பக்கம்தான். 2021 செப்டம்பர் 30 அன்று அந்த நிதி இரண்டானது. போனஸ் உள்ள பாலிசிகளின் உபரியில் பங்குதாரருக்கு 5 என்று இருந்தது முதலில் 7.5 ஆகி, 2024-25இலிருந்து 10 ஆகிவிட்டது. போனஸ் இல்லாத பாலிசிகளின் உபரி மொத்தமும் பங்குதாரருக்கே.

இதன் விளைவைக் காட்ட ஒரு கணக்கு போதும். பங்குதாரரின் பார்வையில் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி எவ்வளவு பெறும் என்று ஆக்சுவரிகள், அதாவது காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்கள், ஒரு மதிப்பைப் போடுவார்கள். உள்ளார்ந்த மதிப்பு என்று அதற்குப் பெயர். எல்.ஐ.சி.க்கு அது 2021 மார்ச் கடைசியில் 95,605 கோடி ரூபாய். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 5,39,686 கோடி ரூபாய். இந்த ஆறு மாதத்தில் எல்.ஐ.சி. புதிதாக எந்தத் தங்கச் சுரங்கத்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் கொரோனாவில் படுத்திருந்த காலம் அது. மதிப்பு கூடியதற்குப் பெரிய காரணம் நிதியைப் பிரித்ததும் உபரி விகிதத்தை மாற்றியதும்தான். பாலிசிதாரரின் பக்கம் போயிருக்க வேண்டிய வருங்கால உபரி பங்குதாரர் பக்கம் வந்தது. அப்புறம் அதற்கு விலை வைத்து, பங்கு 949 ரூபாய், மொத்தக் கம்பெனி 6 லட்சம் கோடி என்று விற்றார்கள்.

லாபக் கணக்கும் அதே கதைதான். 2021-22இல் 4,043 கோடி ரூபாயாக இருந்த நிகர லாபம் அடுத்த வருடமே 36,397 கோடி ஆனது. கூடியதில் பெரும்பகுதி, போனஸ் இல்லாத பாலிசிகளின் நிதியிலிருந்து பங்குதாரர் கணக்குக்கு மாற்றிய தொகை. பத்திரிகைகள் அதைச் சாதனை என்று எழுதின.

பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் பங்காளிகளைக் கூப்பிட்டு உட்காரவாவது வைப்பார்கள். கோடிக்கணக்கான பாலிசிதாரர்களில் எவரையும் நீங்கள் கூப்பிடவில்லை. போஸ்ட் கார்டு கூட வரவில்லை. பான் எண்ணைப் பாலிசியோடு 2022 பிப்ரவரி 28க்குள் இணைத்துக்கொள்ளுங்கள், பங்கு வாங்கலாம் என்ற செய்திதான் வந்தது.

அந்த நாட்களை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். பாலிசிதாரருக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கீடு, 60 ரூபாய் தள்ளுபடி என்று விளம்பரம். என்னிடம் பாலிசி போட்டவர்களில், பங்கு வாங்கத் தேவையான டீமேட் கணக்கு வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற ஒரு அக்கா, "பங்குன்னா நமக்கும் ஒரு பங்கு கொடுப்பாங்களா?" என்று கேட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றேன். "நம்ம காசுலதான நடக்குது, அதை நாமளே எதுக்கு வாங்கணும்?" என்றார். ஒரு நிமிடம் எனக்குப் பதில் வரவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். உங்கள் துறையின் எந்த ஆவணமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

வாங்க முடிந்தவர்களுக்கும் நல்லது நடக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தள்ளுபடி போக 889 ரூபாய்க்கு வாங்கினார். சந்தைக்கு வந்த அன்று மும்பையில் 867 ரூபாயில் தொடங்கியது. 2023 மார்ச்சில் 550க்கும் கீழே போனது. சந்தை என்றால் ஏறும், இறங்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் வாங்கியது சந்தையை நம்பி அல்ல. எல்.ஐ.சி. என்ற பெயரை நம்பி வாங்கினார். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது வெயிலில் அலைந்த எங்களைப் போன்ற பதின்மூன்று லட்சம் ஏஜெண்டுகளும் கிளை அலுவலக ஊழியர்களும்.

பங்குச் சந்தையில் இருப்பதால் ஒரு நன்மை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் வெளியே தெரிந்ததற்குக் காரணமே பங்கு விற்பனைக்காக வெளியிட்ட ஆவணமும் அதற்குப் பிறகு வரும் காலாண்டு முடிவுகளும்தான். முன்பு இவ்வளவு தெளிவாகக் கணக்கு வந்ததில்லை. ஆனால் கணக்கை வெளியிட ஒரு சட்டத் திருத்தம் போதுமே. அதற்காகப் பங்கை விற்க வேண்டியதில்லை.

இப்போது நிறுவனத்தின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். காலாண்டு முடிவு வந்ததும் ஆய்வாளர்கள் கேட்பது லாப விகிதம் எவ்வளவு, போனஸ் இல்லாத பாலிசிகளின் விகிதம் எவ்வளவு கூடியது என்பதைத்தான். கூடத்தான் செய்கிறது. 2021-22இல் தனிநபர் வியாபாரத்தில் 7 சதவீதம் அளவில் இருந்தது, 2024-25இல் 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதே நேரத்தில் தனிநபர் பாலிசிகளின் எண்ணிக்கை 2023-24இல் 2.04 கோடியாக இருந்து, 2024-25இல் 1.78 கோடியாகக் குறைந்தது. ஒரே வருடத்தில் இருபத்தாறு லட்சம் பாலிசிகள் குறைந்திருக்கின்றன. பிரீமியம் வருமானம் குறையவில்லை, ஆட்கள்தான் குறைந்திருக்கிறார்கள். எந்த ஆட்கள் என்று எனக்குத் தெரியும்.

2024 அக்டோபர் 1 முதல், முதிர்வில் பணம் திரும்ப வரும் எண்டோமெண்ட் வகைப் புதிய பாலிசியின் குறைந்தபட்சத் தொகை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. சேரும் வயது வரம்பு 55இலிருந்து 50க்கு இறங்கியது. ஏஜெண்டின் முதல் வருடக் கமிஷன் 35 சதவீதத்திலிருந்து 28 ஆனது. பாலிசியை இடையில் சரண்டர் செய்பவருக்குக் கூடுதலாகத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதியால் வந்த மாற்றம் இது. விதி நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது அல்லவா? பங்குதாரரின் லாப விகிதத்தில் கை வைக்கவில்லை. ஒரு லட்ச ரூபாய் பாலிசி போட்டவரும் அதைப் போட்டுக் கொடுத்தவரும்தான் ஏற்றுக்கொண்டோம்.

ஒரு லட்ச ரூபாய் பாலிசி என்றால் உங்கள் அமைச்சகத்தில் சிரிக்கக்கூடும். எங்கள் ஊரில் அது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். சனிக்கிழமை கூலி வாங்கியதும் மளிகைக் கடை பாக்கிக்குக் கொஞ்சம், குழுக் கடனுக்குக் கொஞ்சம் போக மிஞ்சியதை அரிசி டின்னுக்குள் ஒரு சுருக்குப் பையில் போட்டு வைப்பார்கள். தவணை வரும் வாரம் நான் போனால் அந்தப் பை வெளியே வரும். பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுப்பார்கள். ரசீதை மின்சார பில்லோடு சேர்த்துச் சுவரில் தொங்குகிற கம்பியில் குத்துவார்கள். மழைக் காலத்தில் வேலை இல்லாமல் தவணை தவறும், லேப்ஸ் ஆகும், பிறகு வட்டியோடு கட்டி உயிர்ப்பிப்போம். இப்படி ஒரு வீட்டில் கணவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். பாலிசி பாண்டு பழைய டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. பணம் வந்தபோது அடகில் இருந்த நகையைத் திருப்பினார்கள். மீதியில் மகளுக்கு நர்சிங் படிப்பின் முதல் வருடக் கட்டணம். ஒரு லட்சத்தால் இவ்வளவு ஆகும்.

இரண்டு லட்சத்துக்குத் தவணையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுருக்குப் பையில் அவ்வளவு சேராது. "அப்ப வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டு ஏலச்சீட்டுக்குப் போகிறார்கள். சீட்டு நடத்துபவர் ஓடிப் போனால் மத்திய அரசு உத்தரவாதம் கிடையாது.

"தனியார் கம்பெனிகள் அந்த இடத்தை நிரப்பும்" என்பார்கள். நிரப்புகிற அழகைச் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்துச் சம்சாரி ஒருவர், வயது அறுபதை ஒட்டி. கொஞ்சம் நிலத்தை விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் போடப் போனார். ஒரு வருடம் கழித்து மஞ்சப்பையில் ஒரு பளபளப்பான உறையோடு என் வீட்டு வாசலில் நின்றார். "தாயி, இன்னொரு லட்சம் கட்டச் சொல்லி போன் வருது. நான் டெபாசிட்டுதான போட்டேன்?" உறைக்குள் இருந்தது ஒரு தனியார் கம்பெனியின் பங்குச் சந்தை சார்ந்த காப்பீடு, வருடா வருடம் ஒரு லட்சம் கட்ட வேண்டியது. வேண்டாம் என்று திருப்பித் தரும் நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. கையெழுத்து வாங்கிய இளைஞர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான் பதில். வங்கியின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்கு ஊர் இது நடக்கிறது, பெயர்தான் மாறுகிறது.

எங்கள் ஏஜெண்டுகளிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அதே தெருவில் குடியிருக்கிறார்கள். கோயில் கொடையில் முகத்தில் விழிக்க வேண்டும். அதுவே பாதிக் கட்டுப்பாடு. வங்கிகள் காப்பீட்டைத் தவறாகச் சொல்லி விற்பதைப் பற்றி 2024 நவம்பரில் மும்பையில் வங்கியாளர்கள் முன்னிலையில் நீங்களே கண்டித்துப் பேசினீர்கள். செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் எந்த வழியைக் கண்டித்தீர்களோ அந்த வழியைத்தான் சந்தை எல்.ஐ.சி.க்கும் காட்டுகிறது: குறைந்த செலவு, பெரிய தவணை, வங்கிக் கவுண்டர்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1999இல் காப்பீட்டைத் தனியாருக்குத் திறந்தது வாஜ்பாய் அரசு. அந்நிய முதலீட்டு வரம்பை 49 சதவீதமாக்க 2008இல் மசோதா கொண்டுவந்தது மன்மோகன் சிங் அரசு. வேண்டாம் என்று 2011இல் அறிக்கை கொடுத்தது அப்போது உங்கள் கட்சியில் இருந்த யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு. 2015இல் அதையே நிறைவேற்றியது உங்கள் அரசு. பிறகு 74, அடுத்து 100 என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தீர்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது மட்டும் பொதுத்துறை மீது எல்லாருக்கும் பாசம் பொங்குகிறது.

அரசுக்குப் பணம் தேவை, பற்றாக்குறை இருக்கிறது என்பது புரிகிறது. ஆனால் அரசு தன் மற்ற பங்குகளை விற்றபோது வாங்க ஆள் இல்லாமல் கூப்பிட்டது யாரை? 2012 மார்ச்சில் அரசு விற்ற ஓ.என்.ஜி.சி. எண்ணெய் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை வாங்கியது எல்.ஐ.சி. வாராக் கடனில் தத்தளித்த ஐ.டி.பி.ஐ. வங்கியில் 51 சதவீதத்தை 21,000 கோடிக்கு மேல் கொடுத்து 2019இல் எடுத்துக்கொண்டதும் எல்.ஐ.சி.தான். எல்லாம் பாலிசிதாரர் பணம். இனிமேலும் பெரும்பான்மைப் பங்கு அரசிடம்தான் இருக்கும் என்பதால் டெல்லியிலிருந்து வரும் போன் நிற்கப்போவதில்லை. அதோடு மும்பைச் சந்தையின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அரசு நிறுவனத்தின் கெடுதலும் தனியார் கம்பெனியின் கெடுதலும் ஒன்றாக வந்து, இரண்டின் நல்லதும் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

இப்போது என் கோரிக்கைகள்.

மீதி 6.5 சதவீதத்தின் விற்பனையை நிறுத்தி வையுங்கள். செபியின் கெடு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். பொது நலன் கருதி அரசு நிறுவனங்களுக்கு இந்தக் குறைந்தபட்சப் பங்கு விதியிலிருந்து விலக்குத் தரும் அதிகாரத்தை 2021 ஜூலையில் உங்கள் அமைச்சகமே விதிகளைத் திருத்தி எடுத்துக்கொண்டது. சந்தையில் உள்ள கம்பெனியின் 25 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து எல்.ஐ.சி.க்கு 2032 வரை விலக்கும் கொடுத்திருக்கிறீர்கள். 10 சதவீதத்துக்கும் கொடுக்க ஒரு அறிவிப்பு போதும்.

விற்றே தீருவது என்றால் அதைத் தனி மசோதாவாகக் கொண்டுவாருங்கள். நிதி மசோதாவுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள், பாலிசிதாரர்களையும் ஏஜெண்டுகளையும் ஊழியர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், இரண்டு அவையிலும் வாக்கெடுங்கள். 2021 செப்டம்பரில் நிதியைப் பிரித்தபோது எந்தச் சொத்து எந்தப் பக்கம் போனது, எந்த அடிப்படையில் போனது என்று எங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு வெள்ளை அறிக்கை வையுங்கள்.

2021க்கு முன் போனஸ் பாலிசி எடுத்தவர்களுக்கு அந்தப் பாலிசி முதிரும் வரை பழைய 95-5 விகிதத்தையே கொடுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டபோது இருந்த ஏற்பாடு அதுதான். புதிதாகச் சேருகிறவர் 90 என்று தெரிந்து சேரட்டும், பழையவரிடம் சொல்லாமல் மாற்றியது முறை அல்ல.

நிர்வாகக் குழுவில் பாலிசிதாரர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்களுக்கு இடம் கொடுங்கள். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் இயக்குநர்களில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாலிசிதாரர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னது. வெள்ளைக்காரன் காலத்தில் தனியார் கம்பெனியிடம் கேட்டதைச் சுதந்திர நாட்டின் பொதுத்துறையிடம் கேட்பது அதிகம் அல்ல.

ஒரு லட்ச ரூபாய் எண்டோமெண்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள், 55 வயது வரை சேர விடுங்கள். அதற்கான கூடுதல் செலவைப் பங்குதாரர் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அரசுக்கு 2024-25க்காகக் கிடைத்த ஈவுத்தொகை 7,324 கோடி ரூபாய். அதில் ஒரு சிறு பகுதி போதும் என்பது என் கணிப்பு, இல்லை என்றால் உங்கள் ஆக்சுவரிகள் கணக்கைக் காட்டட்டும். இனி ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் லாப விகிதத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு லட்சமும் அதற்குக் கீழுமாக எத்தனை பாலிசிகள் போட்டார்கள், அதில் எத்தனை லேப்ஸ் ஆயின என்றும் அச்சிட வேண்டும்.

எல்.ஐ.சி. சட்டத்தின் 37ஆம் பிரிவில் உள்ள மத்திய அரசின் உத்தரவாதம், அரசின் பங்கு எவ்வளவு குறைந்தாலும் ஏற்கெனவே உள்ள எல்லாப் பாலிசிகளுக்கும் தொடரும் என்று நாடாளுமன்றத்தில் நீங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வீடு வீடாக என்னிடம் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அடுத்த பங்கு விற்பனைக்கான அறிவிப்பு வருவதற்கு முன்பே இவற்றுக்கு உங்கள் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை அந்தந்த மாநில மொழியில் அச்சடித்து, ஒவ்வொரு எல்.ஐ.சி. கிளையிலும் பிரீமியம் கட்டும் கவுண்டருக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாத்தூரிலிருந்து ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்ட்